அம்மாவின் விரல் நின்ற இடம்

பெரிய பேரன் பிரபு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். சின்னவன் தினேஷ் கபடியில் கப் வாங்கிவிட்டான். பேத்தி கவிதா கண் டாக்டர்! அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்...

போன வாரம் அவள் கண்குழி எலும்பைப் பற்றிச் சொன்னாள். உடனே எனக்கு ஏரி வண்டல் வாசம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு எட்டு வயது. காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர் ஏரி வற்றி, வயலுக்கு வண்டல் அள்ளினோம். அம்மாவும், அவள் தம்பி பெண்டாட்டி ராசாத்தி அத்தையும் கூடை சுமந்தார்கள். சந்தைக்குப் போன மாமா மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டார் என்று பேச்சு. அத்தை தினமும் குங்குமம் வைத்துக் காத்திருந்தாள்.

மண்வெட்டியில் ஏதோ தட்டியது.

"சட்டியாட்டம் இருக்குதுக்கா... கழுவிக் கூழ் ஊத்திக்கங்க!" வெட்டியவர் சிரித்தார்.

அம்மா எடுத்தாள். மண் உதிர்ந்தது. இரண்டு கண்குழிகள்.

மாமாவுக்கு அடிக்கடி தலைவலி வரும். சின்னதிலிருந்து அம்மாதான் எண்ணெய் தேய்த்துவிடுவாள். அவர் இடது புருவத்தடி எலும்பில் ஒரு வெட்டு உண்டு. கட்டைவிரல் நுனி போய் உட்காரும். வலது பக்கம் வழவழப்பு.

அம்மா அந்த எலும்பின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினாள். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. இடது பக்கம்... நின்றது.

"என்னங்க அண்ணி அது?" அத்தை கூடையோடு வந்தாள்.

அம்மா அவள் நெற்றியைப் பார்த்தாள்.

"எவனோ பரதேசி. நீ போ, வெயிலு ஏறுது."

தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றி, கரையோரம் புதைத்தாள். பரதேசிக்கு எதற்குச் சேலை என்று அத்தை கேட்கவில்லை. கடைசிவரை குங்குமத்தோடுதான் இருந்தாள்.

பிறகு வெள்ளிதோறும் எனக்கு எண்ணெய் தேய்க்கையில், அம்மாவின் விரல் என் இடது புருவத்தில் வந்து நிற்கும். எனக்கும் அதே வெட்டு. விரல் சில்லென்றிருக்கும்... சாகும் முன்புதான் விஷயத்தைச் சொன்னாள்.

கவிதாவோ, "அது நெறைய பேருக்கு இருக்கும் ஆயா. நரம்பு போற வழி. சிலருக்கு வெட்டு, சிலருக்கு ஓட்டை. ஒரே மூஞ்சியில ரெண்டு பக்கமும் வேற வேறயா கூட இருக்கும்" என்கிறாள்.

அப்படியென்றால் கரையில் கிடப்பது யார்?

அன்று விரல் வைத்தே ஆளை அறிந்தார்கள். இன்று போன் கண்ணாடியில் தடவினால் எல்லார் நெற்றியும் வழவழப்பு.

இருந்தாலும் கவிதா, என் போனுக்கு உன் புதுப் படம் ஒன்று போடு கண்ணு. முடியை ஒதுக்கி, இடது புருவம் தெரிகிற மாதிரி...