வற்றக் காய்ச்சிய தண்ணீர்

சண்டிலிப்பாயில் எங்கள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே புகையிலைத் தோட்டம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரை ஒரு கொதியோடு இறக்க எனக்கு மனம் வராது. கேத்தல் பாதியாக வற்றும்வரை அடுப்பிலேயே விடுவேன். அதில் எனக்கொரு பெருமையும் இருந்தது.

கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோன சுகாதாரப் பரிசோதகர் முடிவோடு வந்தார்.

"தங்கச்சி, தோட்டத்து உரத்திலை இருக்கிற நைத்திரேற்று கிணத்திலை கூடிப்போச்சு. பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ. நாளைக்குப் பவுசர் லொறியிலை நல்ல தண்ணி வரும்."

"நான் நல்லா வத்தக் காய்ச்சித்தான் குடுக்கிறனான்!" என்று வெடுக்கெனச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "ஐயோ, தண்ணிதான் வத்தும். நஞ்சு அவ்வளவும் மிச்சத் தண்ணிக்குள்ளை நிக்கும். பிள்ளையின்ரை உதடு நீலமாகினால் உடனை ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ."

அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓடினேன். பிள்ளை என்னைக் கண்டு சிரித்தது. நான் அதன் உதட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.