ஓர்செத்தாவுக்காக இருமிய கோயில்

ஓர்செத்தா அடிக்குரலில் ஒரு ஸ்வரம் பிடித்தால் வெனிஸ் கால்வாயில் தண்ணீர் ஒரு முழம் ஏறும். சரி, முழம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திக் காது கொடுத்தார்கள் என்பதில் கலப்படம் கிடையாது.

பச்சைக் குழந்தையாக அநாதை இல்லத்துச் சுவரிலிருந்த பொந்தில் விடப்பட்டவள் அவள். அங்கே பெண்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. வாசிக்கிற வாத்தியமோ பாடுகிற குரலோதான் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இவள் ‘அடிக்குரல் ஓர்செத்தா’. ஞாயிறுதோறும் இல்லத்துக் கோயிலில், மாடத்து இரும்புக் கம்பி வலைக்குப் பின்னால் நின்று பாடுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு முகம் தெரியாது. உள்ளே ஒரு தடியனை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு. வடக்கேயிருந்து வந்த பிரபுக்களோ பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் ஊர் மீசைக்காரர்களைப் பாடவைத்தார்கள். மீசைகள் பாதியில் மூச்சு வாங்கினவாம்.

அந்தக் குளிர்காலத்தில் நேப்பிள்ஸிலிருந்து புது இசை ஆசிரியர் கார்மினே வந்து சேர்ந்தார். ஓர்செத்தா வாயைத் திறந்ததும் காதைப் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா இது, ஒயின் பீப்பாய் உருளுற மாதிரி! பொம்பளைக்கு இந்தக் குரல் எதுக்கு? சமையல்கட்டுல ஆள் வேணுமாம், போ.”

“சமையல்கட்டுக்கா? நான் கஞ்சி கிண்டினா இந்த வீடே பட்டினி கிடக்கும் ஐயா. ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டுப் பாருங்க.”

“சரி, ஒரே ஒரு தடவை. ஜனங்களுக்குப் பிடிச்சா நீ இங்கேயே இரு. பிடிக்கலேன்னா அன்னிக்கே அடுப்படி.”

ஞாயிறு வந்தது. ஓர்செத்தா கவலையே படவில்லை. காலையில் வறுத்த மத்திமீனை இரண்டு பங்காக வாங்கித் தின்றாள். பாட்டில் படிப்படியாக இறங்கி, கடைசி ஸ்வரத்தில் போய் நின்றாள். கோயில் தரை அதிர்ந்தது.

பாட்டு முடிந்தது. பிறகு கீழே ஒருவர் இருமினார். பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் கோயில் முழுக்க இருமல்! காலைத் தரையில் தேய்த்தார்கள், நாற்காலியை இழுத்தார்கள், சீமாட்டிகள் மூக்கைச் சிந்தினார்கள். கார்மினேயின் முகத்தில் ஈயாடவில்லை.

“போச்சு, மானம் போச்சு! எங்க ஊர்ல ஆரஞ்சுத் தோலைத்தான் எறிவாங்க. இங்க காறித் துப்புறாங்களே!” என்று இல்லத் தலைவியிடம் ஓடினார். “அம்மா, இப்பவே இவளை அடுப்படிக்கு அனுப்பிடுங்க!”

தலைவிக்குச் சிரிப்பில் தலைமுக்காடே நழுவிவிட்டது.

“கோயில்ல கை தட்டக் கூடாதுய்யா. எங்க ஜனங்க இருமித்தான் பாராட்டுவாங்க.”

“மூக்குச் சிந்துறாங்களே, அது?”

“அது, இன்னொரு தடவை பாடச் சொல்றாங்க.”

கார்மினே கம்பி வலையில் கண்ணை வைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கைக்குட்டைகள். திரும்பி வந்தவரின் குரலில் சர்க்கரை கலந்திருந்தது.

“தாயி, உனக்குன்னே ஒரு பாட்டு எழுதப் போறேன். இன்னும் எவ்வளவு கீழே இறங்குவே?”

“நீங்க பாட்டுக்கு இறக்கிக்கிட்டே போங்க. போதும்னா நானே சொல்றேன்.”

அவர் அப்போதே மை தேடிப் போனார். ஓர்செத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தோழிகள் பக்கம் திரும்பினாள்.

“பாத்தீங்களாடி? அந்தக் கடைசி ஸ்வரத்துல தரையே ஆடிச்சு!”

ஆளுயரத் தந்தி வாத்தியத்துக்குப் பின்னாலிருந்து, அதை வாசிக்கிற தொமெனேகா தலையை நீட்டினாள்.

“ஆடிச்சுதான்க்கா. ஆனா அங்க உனக்கு மூச்சு தீந்து போச்சு. நீ வாயை மட்டும் திறந்து வச்சிருந்தே. அந்த ஸ்வரம் என் தடிச்ச தந்தி.”