ராணிக்குப் பின்னால் ஏழு வரி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. பழைய வார இதழ் அட்டைகளில் ஓவியர்கள் வரைந்த ராஜா, ராணி, தளபதி முகங்களைச் சேர்ப்பது என் பைத்தியம். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர்கூட என்னை நேராகப் பார்க்க மாட்டார். எல்லாருக்கும் பார்வை ஓரமாக எங்கோ இருக்கும். எங்கள் முதலாளியும் அப்படித்தான் என்பதால் பழகிவிட்டது.

மழுங்கிய கத்தியால் பின்னை நெம்பி, முன்னட்டையை உருவி, கெட்டி அட்டையில் பசை தடவி ஒட்டிவிடுவேன். மிச்சமெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு. சரித்திரத்தை நேசிக்கிறவன்தான்; படிக்கிறவன் இல்லை.

போன திங்கட்கிழமை மனைவி ஒரு கடிதத்தோடு வந்தாள். இருபத்தாறு வயதில் அவள் எழுதி, அச்சில் வந்த ஒரே கதையை ஒரு தொகுப்பில் சேர்க்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பிரதி வேண்டும்.

“நல்லவேளை, முத்துமாலை போட்ட ராணி படம் வந்த இதழ். உங்ககிட்ட பத்திரமா இருக்கும்.”

ராணி பத்திரமாகத்தான் இருந்தாள்.

“உள்ள இருந்ததெல்லாம் எங்கங்க?”

“பேப்பர்காரர்...”

“என் கதைய எடைக்குப் போட்டீங்களா?”

“தெரிஞ்சா போட்டேன்?”

“தெரியாதா? அப்ப படிக்கவே இல்லையா?”

நானும் ஓரமாக எங்கோ பார்த்தேன்.

என்னைப் போலவே பழைய இதழ் வாங்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு எங்கள் ஊரில் ‘தொடர்கதை’ என்று பட்டப்பெயர். கதைகளை மட்டும் பைண்டு செய்துகொண்டு அட்டைகளைக் குப்பையில் போடுகிறவர். இருபது வருடமாக அவரை முட்டாள் என்று சொல்லிவந்தேன். மறுநாள் அந்த முட்டாளின் வாசலில் போய் நின்றேன்.

“வாங்க படம், வாங்க! என்ன இந்தப் பக்கம்?” என்றார். எனக்கும் பட்டப்பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கதை இருந்தது. பக்கம் பக்கமாகப் போனில் படம்பிடித்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில்: ‘முடிவு முன்னட்டையின் உள்பக்கம்.’

“அட்டை உங்ககிட்டதான இருக்கும்?” என்றார்.

இருந்தது. பசையோடு.

வீட்டில் சொன்னேன். “கடைசியில அவ புருஷன் வீட்ட விட்டுக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட உக்காந்திருப்பா. அப்புறம் என்ன எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்லையே,” என்றாள் மனைவி. என்னைத் திட்டக்கூட இல்லை.

துணி ஊறவைக்கும் பேசினில் வெந்நீர் ஊற்றி ராணியைப் படுக்கவைத்தேன். ஒரு மணி நேரம் நகத்தால் மெல்ல மெல்ல உரித்தேன். மூக்கு இரண்டாகப் பிளந்தது. முத்துமாலை விரலோடு வந்தது. பின்னால் ஏழு வரி, முழுசாக.

மனைவி குனிந்து படித்தாள். முகம் சுளித்தாள்.

“திரும்பி வீட்டுக்கே வந்துடுறாளாம். என்ன முடிவு இது! மாத்திடறேன்.”

“இவ்வளவு கஷ்டப்பட்டு உரிச்சேனே?”

“அதனாலதான தெரிஞ்சுது. இந்தத் தடவை பஸ் ஏத்தி அனுப்பிடறேன்.”

பேசினிலிருந்து கையை எடுத்தேன். “அவ புருஷன் அப்படி என்னதான் பண்ணான்?”

“போன்ல இருக்கே, படிச்சுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அவள் பேனா தேடப் போனாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.