வலி அடங்கிய கால்

லோசிவாலேயின் கை பட்டால் வலி ஓடிவிடும் என்பது சவாயித் தீவில் எங்கள் பக்கத்துப் பேச்சு. பிள்ளை பெற்ற இடுப்பும், கிழங்கு மூட்டை தூக்கிய தோளும், ரக்பி ஆடிச் சுளுக்கிய கணுக்காலும் அவள் வீட்டுப் பாய்க்குத்தான் வரும். நோனி இலையை நெருப்பில் வாட்டி, தேங்காயெண்ணெய் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பாள். வலி விட்டாலும் புண் காய்ந்தாலும் எங்கள் ஊரில் ஒரே சொல்தான்: ஆறிவிட்டது. இரண்டும் வேறு வேறு என்று யாரும் யோசித்ததில்லை, அவளும்தான்.

அவள் புருஷன் ஃபெரேதி, துறைமுகத்துக்குப் போகும் மரப் பஸ்ஸின் டிரைவர். பாட்டை அலறவிட்டு, வழியில் நிற்கிறவர்களையெல்லாம் கிண்டல் செய்துகொண்டே ஓட்டுவான். சர்க்கரை வியாதி வந்து சில வருஷங்களில் அவன் வலது பாதம் எரிய ஆரம்பித்தது.

"உமு அடுப்புச் சுடுகல்லு மேல நிக்கிற மாதிரி இருக்கு லோசி. பன்னிக்குப் பதிலா என்னைச் சுடுறாங்க."

"உன்னைச் சுட்டா யாரு திம்பா? ஒரே கொழுப்பு," என்று சிரித்தபடி அவள் காலை மடியில் எடுத்துக்கொள்வாள்.

வருஷக் கணக்காகத் தேய்த்தாள். எரிச்சல் மெல்லக் குறைந்தது. ஒருநாள் அடியோடு நின்றுபோனது. ஃபெரேதி பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி எல்லோரிடமும் காலைக் காட்டினான். "டாக்டர் முடியாதுன்னது, என் பொண்டாட்டி கையில முடிஞ்சுது!" ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் அவள் பெயரைச் சொல்லி நன்றி கூறியபோது லோசிவாலே தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளுக்குள் பொங்கிய பெருமையை மறைக்கத்தான் குனிந்தாள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில், வாசலில் கிடந்த அவனுடைய ரப்பர் செருப்பை ஓரமாக வைக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆணி ஒன்று அடிப்பக்கமாக ஏறி மேலே எட்டிப் பார்த்தது. துருவின் மேல் காய்ந்த ரத்தம்.

"ஃபெரேதி, கால்ல ஏதாச்சும் குத்திச்சா?"

"இல்லையே."

காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் வாய் திறந்தாற்போல ஒரு புண். சுற்றிலும் கறுத்திருந்தது. அந்த வாடையை அவள் நாலைந்து நாளாகவே உணர்ந்திருந்தாள். கூரைக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருந்தாள். அவன் அந்த ஆணியோடு பஸ் ஓட்டியிருக்கிறான், கோயிலுக்குப் போயிருக்கிறான், கல்யாண வீட்டில் ஆடியிருக்கிறான்.

தங்கை மகள் திலோமாய் நர்ஸ். ஆள் அனுப்பியதும் வந்தாள். ஃபெரேதி கடலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருக்க, அவன் கால்விரல்களில் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினாள். அவன் பேச்சு நிற்கவே இல்லை.

வெளியே ஈரப்பலா மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "பெரியம்மா, இது ஆறின கால் இல்ல. நரம்பு செத்துப்போச்சு, அதான் வலிக்கல. விஷம் மேல ஏறிட்டிருக்கு. எடுத்தாகணும்."

"அப்ப நான் தேய்ச்சது?"

"எரிச்சலுக்கு இதமா இருந்திருக்கும். அவ்வளவுதான்."

லோசிவாலே தன் கைகளை இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியில் துடைத்தாள். எண்ணெய் எதுவும் இல்லை; ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஃபெரேதி ஒரேயடியாக மறுத்துவிட்டான். "வலிக்காத காலை எதுக்கு வெட்டணும்? ஒத்தக் கால்ல பஸ்ஸு ஓட்டவா? நீ இலையைப் போடு." அவளும் போட்டாள். இன்று பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று போட்டாள். மறுவாரம் அவனுக்குக் குளிர் கண்டது. கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தவள், கிண்ணத்தை முற்றத்தில் வீசினாள். நலம் விசாரிக்க வந்த உறவுக்காரர்கள் பதறி எழுந்தார்கள்.

"நான் ஆத்தல! கேட்டுக்கோங்க எல்லாரும். என் கையில ஒண்ணும் இல்ல. அந்தக் கால் என் மடியிலயே செத்துச்சு, எனக்குத் தெரியல. வலிச்சாத்தான்யா உசுரு இருக்குன்னு அர்த்தம். நீ வலிக்கலன்னு சொன்னப்போ நான் கூத்தாடினேன்."

ஃபெரேதி அவளை வெறித்துப் பார்த்தான். "ஊரெல்லாம் உன் பேரைச் சொன்னேனே லோசி," என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். படகுக்குத் தூக்கிப் போனபோது அவன் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பும் இல்லை.

அடுத்த தீவில், தலைநகர் அப்பியாவின் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் முழங்கால் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் ஃபெரேதி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவன் கண்ணில் அப்படியொரு வெளிச்சம்.

"லோசி, பாதம் எரியுது! கட்டைவிரல் வரைக்கும் எரியுது. வலிச்சா உசுரு இருக்குன்னுதானே சொன்ன?"

போர்வை தொடைக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அவள் தேய்க்கவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நர்ஸ் வந்துதான் சொன்னாள், எடுத்த கால் இப்படி வலிப்பதுண்டு என்று. அதைக் கேட்டுவிட்டு அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு சாலையைப் பார்த்துச் சாய்ந்து உட்காருவான். அவன் பஸ்ஸை வேறொருவன் ஓட்டிப் போவான். அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். தோள்வலிக்காரர்கள் இன்னமும் வந்தார்கள், தேய்த்துவிட்டாள். காலை நீட்டியவர்களைத் திலோமாயிடம் போகச் சொன்னாள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஊர் வைத்தியச்சியைத் தேடிப் போனார்கள்.

தினமும் காலையில் கோக்கோ குடித்து முடித்ததும் அவனுடைய இடது பாதத்தைக் கையிலெடுப்பாள். விரல் விரலாக நகத்தால் அழுத்துவாள்.

"வலிக்குதுடி, விடு," என்பான் எரிச்சலாக. அந்த ஏச்சைக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய வேலை ஓடும்.

ஒரு காலையில் சுண்டுவிரலை அழுத்தினாள். சத்தமில்லை. இன்னும் பலமாக, நகம் பதிய அழுத்தினாள். அவன் வளைவில் திரும்பும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன உக்காந்துட்ட?" என்றான். "கால் பார்க்கலியா இன்னைக்கு?"

லோசிவாலே எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், திலோமாய் வீட்டை நோக்கி ஓடினாள்.