மஞ்சூர் டீமின் கோச்சும் ஐந்தாம் நம்பரும்

மஞ்சூர் கால்பந்து டீமுக்குச் சின்னராஜ் பதினாறு வருடமாகக் கோச். அதே பதினாறு வருடமாகத் தடுப்பாட்டத்தில் ஐந்தாம் நம்பரும் அவர்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம், அதுவும் ஆடுவதற்குத்தான். கோச் வேலை கொசுறு.

தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் அவருக்கு வேலை கிடைத்ததே பந்தால்தான். பிறகு எஸ்டேட் டீமைக் கலைத்துவிட்டார்கள். இலை வாட்டும் மாடியில் வேலை மட்டும் மிஞ்சியது. பந்துக்காக அவர் மஞ்சூருக்கு வந்தார். இப்போது வயது நாற்பத்து மூன்று. கொஞ்சம் ஓடினாலே வலது முழங்கால் வீங்கிவிடுகிறது. "ஆடுறத நிறுத்திப்போட்டு, கோச்சா மட்டும் இருக்கறனுங்க" என்று டீம் செயலாளர் கீர்த்திவாசனிடம் மூன்று முறை கேட்டுவிட்டார். தன் பேக்கரிக் கல்லாவை விட்டு எழாமலே கீர்த்திவாசன் மூன்று முறையும் "பாக்கலாமுங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே சின்னராஜுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் மனைவி விஜயா வேறு. "ஏனுங்க, யாரு சரியா ஓடலைன்னாலும் வெளிய இழுத்துப் போடறீங்க. உங்கள மட்டும் ஒரு நாளும் இழுக்கலையே?"

அவர் பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார். கேள்வி நியாயமாக இருந்ததுதான் எரிச்சல்.

இந்த மே மாதம் இத்தலார் ஊர் டீமுடன் இறுதியாட்டம். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று. இரண்டும் அவர் பக்கமாகவே வந்தவை. வேறு யாராவது அப்படி ஆடியிருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே தூக்கியிருப்பார். டீமில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோச்சிடமே போய்க் கோச்சை எடுங்கள் என்று யார் சொல்வது?

மூன்று வருடமாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த இலை லாரி டிரைவர் பழனியாண்டியை அழைத்தார். "பழனி, எனக்குப் பதிலா நீ எறங்கு."

"நானுங்களாண்ணா?"

"நீதான். அவங்க பதினொண்ணாம் நம்பரு எடது கால்லதான் அடிப்பான். அந்தப் பக்கத்த மறிச்சுக்கோ."

பழனியாண்டி மறித்தான். அதன்பின் ஒரு பந்தும் அவனைத் தாண்டவில்லை. மஞ்சூர் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தியதில் சின்னராஜுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பதினாறு வருடத்தில் அவர் செய்த உருப்படியான கோச் வேலை அதுதான் என்று அவருக்கே தோன்றியது.

மறுவாரம் கீர்த்திவாசன் கடைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"கமிட்டியில பேசுனமுங்க. இனி பழனியே ஆடட்டும்."

"அதத்தானுங்க நானும் கேட்டுட்டு இருந்தேன். நான் வெளிய நின்னு டீமப் பாத்துக்கறனுங்க."

கீர்த்திவாசன் நிஜமாகவே விளங்காமல் அவரைப் பார்த்தார்.

"நீங்கதான் ஆடலீங்களே, அப்புறம் எதுக்குங்க வரணும்? பைனல்லதான் பாத்தமே. நீங்க இல்லாமயே பசங்க ஜெயிச்சுட்டாங்க."