பின்வரிசையின் தவக்காலம்

ஏமாற்றப்படுவது ஒரு செடி என்றால், அதை ஏமாற்று என்று சொல்லலாமா? ரெங்கம் என்ற வெப்பமண்டலச் சிற்றூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திராட்சை வளர்த்த லூயிஸின் வாழ்க்கை கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவர் பதில் தேடி அலைந்ததாகத் தெரியவில்லை. செடியை ஏமாற்றிப் பழகிய கை மெல்ல மனிதர்கள் பக்கமும் நீண்டது, அவ்வளவுதான்.

திராட்சை குளிர்நாட்டுக் கொடி. அங்கே குளிர் வந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். குளிர் போனால் விழித்துப் பூக்கும். ரெங்கத்தில் குளிரும் இல்லை, தூக்கமும் இல்லை. சும்மா விட்டால் வருஷம் முழுக்க இலை விட்டுக்கொண்டே இருக்கும். பழம் என்ற நினைப்பே அதற்கு வராது. ஆகவே மழை ஓய்ந்த சமயம் பார்த்துத் தண்ணீரை நிறுத்தி, இலைகளை உருவி, கிளைகளை ஒட்ட வெட்ட வேண்டும். குளிர்காலம் வந்துவிட்டதாகக் கொடி நம்பிவிடும். பிறகு தண்ணீர் காட்டினால் பூக்கும்.

லூயிஸ் பக்கத்து நகரமான குளுவாங்கில், அறையைக் குளிர வைக்கும் ஏர்கோன் பழுதுபார்த்துப் பிழைத்தவர். ஊருக்கெல்லாம் குளிர் கொடுத்தவருக்கு ஒரு கொடிக்குக் கொடுக்கத் தெரியாதா என்ற இறுமாப்பில், முதல் வருஷம் பழைய ஏர்கோன் ஒன்றைப் பந்தலுக்கு அருகே ஓடவிட்டார். கொடி கண்டுகொள்ளவில்லை. பக்கத்துவீட்டுப் பூனை மட்டும் அதன் முன்னால் படுத்துச் சுகமாகத் தூங்கியது. அடுத்த வருஷம் வெறுத்துப்போய்க் கொடியை மொட்டையடித்தார். மழை இல்லாத நாட்கள். காய்த்துத் தள்ளியது.

அவர் மொட்டையடித்த நாள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். அதை அவர் கவனிக்கவில்லை. அவருடைய அக்கா அந்தோணியம்மாள் கவனித்தார்.

அந்தோணியம்மாள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடும் அதன் பின்னால் இருந்த நிலமும் அவருடையவை. மனைவி இறந்த பிறகு லூயிஸ் அந்த வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தவர். கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த அன்று, கொடியும் இலையைத் துறந்து நிற்பதைப் பார்த்த அக்கா ஒரு முடிவுக்கு வந்தார்: நம்மோடு சேர்ந்து அதுவும் ஒருசந்தி நோன்பு இருக்கிறது. அதிலிருந்து அந்த வீட்டில் வெட்டு என்றால் திருநீற்றுப் புதன்தான். கோவிலிலிருந்து வந்ததும், சாப்பிடாத வயிற்றோடு, நெற்றிச் சாம்பல் கலையாமல் லூயிஸ் இலை உருவ வேண்டும். அந்தப் பழத்தில் போட்ட ஒயின்தான் கிறிஸ்துமஸ் அன்று வருபவர்களுக்கெல்லாம் கேக்கோடு போகும்.

பல வருஷம் வானமும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைத்தது. பிறகு அது தன் வழியில் போகத் தொடங்கியது. பிப்ரவரி, மார்ச்சில் ஓய வேண்டிய மழை ஓயவில்லை. தவக்காலத்தில் வீட்டு வாசல்வரை வெள்ளம் வந்த வருஷமும் உண்டு. மொட்டையடித்த கொடி குளிர்காலத்தை நம்ப மறுத்து இலையாகத் தள்ளியது. தப்பிப் பூத்ததையும் பூசணம் தின்றது. இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கடை ஒயின் வாங்கி ஊற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது கிறிஸ்துமஸ் முடிந்து தட்டுகளைக் கழுவும்போது அந்தோணியம்மாள் தன் தீர்ப்பைச் சொன்னார்.

“அடுத்த கிறிஸ்துமஸுக்கு நம்ம ஒயின் இல்லன்னா, கொடிய பிடுங்கிட்டு வாழக்கன்னு வச்சிருவேன் தம்பி. வாழைக்கு நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்.”

நிலம் அவருடையது. மறுபேச்சுக்கு இடமில்லை. லூயிஸுக்கு அந்த இரண்டு வரிசைக் கொடியைத் தவிரக் காலையில் எழுந்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

மழை இப்போதெல்லாம் மே மாதக் கடைசியில்தான் சற்று ஓய்கிறது என்பதை அவர் பார்த்து வைத்திருந்தார். அப்போது வெட்டினால் செப்டம்பரில் பழம், கிறிஸ்துமஸுக்கு இளம் ஒயின். ஆனால் தவக்காலத்தை மே மாதத்துக்கு மாற்றலாமா என்று அக்காவிடம் கேட்க முடியாது. கேட்டிருக்கலாம்தான். கேட்பதைவிட ஏமாற்றுவது அவருக்குச் சுலபமாக வந்தது. இதைத் துணிச்சல் என்று பாராட்டுவதற்கில்லை.

அந்தத் திருநீற்றுப் புதனன்று, அக்காவின் சமையலறைச் சன்னலுக்கு நேரே தெரியும் முன்வரிசையை மட்டும் மொட்டையடித்தார். பின்வரிசையைத் தொடவில்லை. முன்வரிசை மொட்டையானால் அதன் வழியே பின்வரிசையின் பச்சை தெரிந்துவிடும் என்பது வேலை முடிந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவசரத்துக்குக் கையில் கிடைத்தது ஒரு பழைய தேர்தல் பதாகை. இரண்டு வரிசைக்கும் நடுவே அதைக் கட்டினார். சாரல் அடிக்காமல் இருக்க என்று அக்காவிடம் சொன்னார். தோற்றுப்போன ஒரு வேட்பாளர் சன்னலைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

தினமும் சோறு வடிக்கும்போது இவன் மூஞ்சியில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது என்று அந்தோணியம்மாள் அலுத்துக்கொண்டார். ஓட்டுப் போடாத பாவத்துக்கு இது பரிகாரம் என்று லூயிஸ் சமாதானம் சொன்னார். வேட்பாளர் தவக்காலத்தைக் கடந்தார், ஈஸ்டரையும் கடந்தார். எந்தப் பதவியிலும் அவர் அவ்வளவு நாள் இருந்ததில்லை.

மே மாதக் கடைசியில் மழை ஓய்ந்தது. லூயிஸ் தண்ணீரை நிறுத்தி, சில நாள் கழித்து, ஒரு காலையில் பின்வரிசையில் உட்கார்ந்து இலை உருவத் தொடங்கினார். காற்று அடித்தது. வேட்பாளர் மெதுவாகக் குனிந்து தரையில் விழுந்தார். அவருக்குப் பின்னால், மடி நிறையப் பச்சை இலைகளோடு லூயிஸ் இருந்தார். சன்னலில் அக்கா.

அந்தோணியம்மாள் அடுப்பை அணைத்தார். அகப்பையோடு இறங்கி வந்து, விழுந்த முகத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றார்.

“ஈஸ்டரே முடிஞ்சு போச்சு. இப்ப எதுக்குடா இதுக்குத் தவக்காலம்?”

“இது கொஞ்சம் லேட்டா மனந்திரும்புதுக்கா.”

“மனந்திரும்ப வேண்டியது அது இல்ல லா.”

அகப்பையை ஆட்டிக்கொண்டு அக்கா உள்ளே போனார். மறுநாள் காலை கோப்பியை வைத்துவிட்டு, முன்வரிசை தன்னுடையது, பின்வரிசை அவனுடையது என்றார். எந்த நாட்காட்டி ஒயின் கொடுக்கிறது என்று கிறிஸ்துமஸில் பார்த்துக்கொள்ளலாம். வாழைக்கன்றுக்குச் சொல்லி வைத்திருப்பதையும் நினைவுபடுத்தினார்.

லூயிஸ் இனி மறைக்க வேண்டியதில்லை என்பதால் முழுமூச்சாக இறங்கினார். வேட்பாளரைப் பின்வரிசையின் அடியில் மல்லாக்கப் படுக்கவைத்தார். இடையில் பெய்யும் மழை வேருக்கு இறங்காமல் அவர் மேலேயே ஓடிப்போனது. கொடிகளுக்கு மேல் வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் கூரை போட்டார். வெட்டு முடிந்து தண்ணீர் காட்டியதும் கொடி பூத்தது. செப்டம்பரில் கறுத்துத் திரண்ட பழம். முன்வரிசை, பெயருக்கு ஜூலையில் இரண்டு மூன்று கொத்துகள் கொடுத்துவிட்டு இலையாக நின்றது. அந்தக் கொத்துகள் எங்கே போயின என்று லூயிஸ் கேட்கவில்லை. பறவை தின்றிருக்கும் என்று நினைத்தார். பின்வரிசைப் பழத்தைக் கையால் பிசைந்து ஜாடியில் போட்டு, துணி கட்டி, அக்காவின் சமையலறை மூலையில் வைத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று முதல் கிண்ணம் ஹேமநாதனுக்குப் போனது. அவர் பக்கத்துவீட்டுக்காரர், பூனைக்கு உரிமையாளர். இந்த ஒயினுக்காகவே வருஷம் தவறாமல் வருகிறவர். இந்த முறை லூயிஸ் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பந்தல் நிற்பதும் சாய்வதும் இனி அந்த வாயில் இருந்தது. ஹேமநாதன் ஒரு வாய் உறிஞ்சினார், கண்ணை மூடினார், இன்னொரு வாய் உறிஞ்சினார்.

“நல்லாருக்கு அண்ணே. ரொம்ப நல்லாருக்கு. ஆனா அடியில கெம்போங் மீன் வாசம் மாதிரி ஏதோ வருதே?”

லூயிஸ் திடுக்கிட்டுத் தன் கிண்ணத்தை முகர்ந்தார். உண்மைதான். மிக லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் மீன்.

அந்தோணியம்மாள் கேக் வெட்டுவதை நிறுத்தவில்லை. முன்வரிசைக் கொத்துகளை ஐஸ்பெட்டியில் மீன் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருந்ததையும், தம்பி பழம் பிசைந்த அன்று அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜாடியில் போட்டதையும், ஊசி போட்டதைச் சொல்லும் தாதியின் குரலில் சொன்னார்.

“என் வரிசையும் அதுல இருக்கு. அதனால நீ ஜெயிக்கல. நானும் தோக்கல.”

“அலமாக், மீன்தான் ஜெயிச்சிருக்கு” என்றார் ஹேமநாதன். கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

செடியைத் தம்பி ஏமாற்றினார், தம்பியை அக்கா ஏமாற்றினார். இதில் யார் குற்றவாளி என்று வரிசைப்படுத்துவது வீண்வேலை. எல்லோரும் கிளம்பிய பிறகு, மேசையைத் துடைத்துக்கொண்டே அந்தோணியம்மாள் வாழைக்கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். இனி இரண்டு வரிசையும் அவன் பொறுப்பு, மழை என்றைக்குச் சொல்கிறதோ அன்றைக்கு வெட்டட்டும், தான் சன்னலுக்குத் திரை போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். லூயிஸ் தலையாட்டினார்.

அடுத்த திருநீற்றுப் புதனன்று விடிந்ததிலிருந்து மழை. கோவிலிலிருந்து வந்த லூயிஸ் சட்டை மாற்றவில்லை, சாப்பிடவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நெற்றியில் பூசிய சாம்பல் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. முன்வரிசையின் முதல் கொடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இலையாக உருவினார். பழம் வராது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. பின்வரிசையைத் தொடவில்லை; அது மே மாதத்துக்கு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்ற ஹேமநாதன், ஏன் அண்ணே இது என்று கேட்டார்.

லூயிஸ் கிளையிலிருந்து கடைசி இலையை உருவி, அடுத்த கொடிக்கு நகர்ந்தார். சன்னலில் திரை விலகியிருந்தது.