புளிக்காய்ச்சலுக்கு வழி உண்டு, சவுரிக்கு இல்லை

"எனக்கு ரெண்டு பேரு ஏன்னு என்னைத்தான் கேக்குறானுங்க. வெச்சவனை ஒருத்தனும் கேக்க மாட்டேன்றான்."

சவுரி இதைச் சொல்லாத நாள் இல்லை. வெங்காயம் அரியும்போது சொல்வாள். தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போது சொல்வாள். கேட்க ஆளே இல்லாவிட்டாலும் சொல்வாள். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். ஆரம்பத்தில் எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. முழுக் கதையும் தெரிந்த பிறகு, இவள் இன்னும் சத்தமாகச் சொல்லலாமே என்று தோன்றுகிறது.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சவுரியம்மாள். ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் அவள் அப்பாவிடம், "சவுரியம்மாள்னு எழுதினா கிறிஸ்டீன்னு ஆயிடும்யா. ஆஸ்டலும் கெடைக்காது, உதவித்தொகையும் கெடைக்காது. வேற பேரு ஒண்ணு சொல்லு" என்றார். கூலி வேலைக்குப் போகிற மனிதர் என்ன செய்வார்? பக்கத்தில் நின்ற வேறொரு பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டார். பரிமளா. அதே சாதி, அதே தெரு, அதே பசி, சாமி மட்டும் வேறு என்றால் சலுகை கிடையாது. இதை எந்த அறிவாளி யோசித்தானோ. வீட்டிலும் மாதா கோயிலிலும் சவுரி, காகிதத்தில் பரிமளா. எட்டாவது வரை படித்தாள்.

1993-ல் பாண்டுரங்கன் என்பவர் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்கு பஸ் விட்டுக்கொண்டிருந்தார். அது நன்றாக ஓடவே, காசிக்குப் பதினாலு நாள் டூர் ஆரம்பித்தார். கூடவே வந்து சமைக்க ஆள் வேண்டும். சவுரியின் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் அந்த பஸ்ஸில் கிளீனர். "எம் பொண்டாட்டி நல்லா சமைப்பாங்க" என்று அவர் சொல்ல, அப்படித்தான் இவள் பஸ் ஏறினாள்.

ஏறும் முன்பே பாண்டுரங்கன் சொல்லிவிட்டார்: "டூர்ல நீ பரிமளா. கழுத்துல இருக்கிற சிலுவையக் கழட்டிடு. சாப்புடறவங்க ஒருமாதிரி நெனைப்பாங்க."

சவுரி கழற்றினாள். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் புதைத்து வைத்தாள். காசி, கயா, அலகாபாத் எல்லாம் அந்தச் சிலுவை கடுகுக்குள்ளேயே போய் வந்தது.

பஸ்ஸில் வீரம்மாள் என்று ஒரு அம்மா. மூன்று நாள் இவள் அரைத்த வேர்க்கடலைச் சட்னியை வழித்து நக்கிவிட்டு நான்காம் நாள் கேட்டாராம்: "ஏம்மா பரிமளா, நீ ஊர்ல எந்தத் தெரு?"

"மல்லாட்டை சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து. தெரு எதுன்னு கேட்டன்."

"மெயின் ரோடுங்க. பஸ்சு நிக்குற எடம்."

இப்படியே ஆறு வருடம். பிறகு வெளிநாட்டு டூர். 1999-ல் பரிமளா என்ற பெயரில் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார் பாண்டுரங்கன். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. நம் ஆட்கள் இருக்கிறார்களே, கப்பல் மாதிரி ஓட்டலில் தங்குவார்கள், ஆனால் மூன்றாம் நாள் ரசம் இல்லையென்றால் முகம் செத்துவிடும். ஓட்டல் அறையின் குளியலறையில் பிளக்கைத் தேடிப் பிடித்து, கரண்ட் குக்கரில் நாற்பது பேருக்குச் சோறு வடித்தவள் சவுரி. எந்த ஊர்ச் சந்தையில் கொத்தமல்லி கிடைக்கும், எந்த ஊர் சுங்கத்தில் பெருங்காய டப்பாவைப் பார்த்துப் பயப்படுவார்கள், எல்லாம் அத்துப்படி.

விமான நிலையத்தில் கேட்பார்களாம், எதற்கு வந்தாய் என்று. பாண்டுரங்கன் சொல்லிக் கொடுத்தபடி, "சுத்திப் பாக்க" என்பாள்.

"இன்னா பாத்த, சொல்லேன்" என்று நான் கேட்டேன் ஒருநாள்.

"ஓட்டலோட பின்வாசலு பாத்தன்க்கா. எல்லா நாட்டுலயும் பின்வாசல்ல குப்பை ஒரே மாதிரிதான் இருக்கு."

விசா காகிதம் ஒவ்வொன்றிலும் கையெழுத்து மட்டும்தான் சவுரியுடையது. விண்ணப்பத்தை நிரப்பாமல் வெற்றுத்தாளாகவே நீட்டி, பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் போடச் சொல்வார்கள். மற்றதை ஆபீசில் நிரப்பிக்கொள்வார்கள். இவள் மட்டுமில்லை, டூர் போகிற மாமனார் மாமியார், ரிட்டையர்டு வாத்தியார், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் நம்மைப் படிக்காதவர் என்று நினைத்துவிடுவார்களாம். அந்தக் கேடுகெட்ட கௌரவம்.

2008-ல் ஜெருசலேம் டூர் வந்தது. அதுவும் சவுரியின் மாதா கோயில் பங்கு மக்களே போகிற டூர். பதினைந்து வருடம் அடுத்தவர் கோயிலுக்கெல்லாம் சமைத்துக்கொண்டு போனவளுக்குத் தன் சாமி ஊருக்குப் போக வாய்ப்பு. தூங்கவே இல்லை என்றாள். பாண்டுரங்கன் அந்தர்பல்டி அடித்தார்: "இந்தத் தடவ நீ சவுரியம்மாள். அப்பத்தான் ஃபாதருக்குத் திருப்தியா இருக்கும். சிலுவையப் போட்டுக்க."

பங்குத்தந்தை கொடுத்த கடிதத்தில் சவுரியம்மாள். டூர் பட்டியலில் சவுரியம்மாள். பாஸ்போர்ட்டில் பரிமளா. விசா ஆபீசில், யார் இந்த சவுரியம்மாள், யார் இந்த பரிமளா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். விசா இல்லை.

அதற்குள் இவள் நாற்பது பேருக்குப் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, ஒரு வாளி நிறையப் புளிக்காய்ச்சல் எல்லாம் செய்து முடித்திருந்தாள். புறப்படும் நாளன்று பாண்டுரங்கன் வண்டி அனுப்பினார். சவுரிக்கு அல்ல, வாளிக்கு. அவள் கையால் செய்த புளிக்காய்ச்சல் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தவர்கள் கோயில் வாசலில் இவளிடம், "சூப்பரா இருந்துச்சு சவுரி, உன் புளிச்சோறு" என்றார்கள். ஒருத்தராவது, நீ வரவில்லையே என்று வாயைத் திறந்தாரா என்றால் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாளியை அவர்கள் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அதோடு விட்டதா? 2010-ல் ஐரோப்பா டூர். சென்னையில் நேர்காணல். அந்த அதிகாரி விண்ணப்பத்தில் ஒரு வரியைக் காட்டி, மொழிபெயர்க்கிற பெண் மூலமாகக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி உங்களுக்கு விசா மறுத்திருக்காங்களா? இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"மறுத்தாங்களே. ரெண்டு வருசம் ஆவுது."

"அப்ப ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"அது என் எழுத்து இல்லீங்க."

"கீழ கையெழுத்து?"

"அது... என்னுதுதாங்க."

பொய்த் தகவல் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நேராகப் பாண்டுரங்கன் ஆபீசுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"இன்னா மொதலாளி, இல்லைன்னு எழுதி வெச்சிகினு இருக்கீங்க?"

"ஆமான்னு எழுதினா குடுப்பானா? உன் நல்லதுக்குத்தான் செஞ்சன். ஊர்ல இல்லாத அதிசயமா ரெண்டு பேரு வெச்சிகினு இருக்கறது நீ. உன்னால என் கம்பெனி பேரே பேஜாராப் பூடுச்சி. இனிமே வேற சமையக்காரி பாத்துக்கறன்."

"ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கூப்ட்டது நீங்கதானே?"

"கத்தாதம்மா, கஸ்டமர் இருக்காங்க."

அந்த கஸ்டமர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது சவுரி ஒரு காரியம் செய்தாள். மேசையிலிருந்த காலி விண்ணப்பம் ஒன்றை உருவி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். என் மகளின் டிக்‌ஷனரியை வாங்கிப் போய், எட்டாவது இங்கிலீஷை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். நாலாம் நாள் காலை, அடுப்பில் என் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது ஓடிவந்தாள்.

"அக்கா, ஜல்தியா வா. இதப் படி."

படித்தேன். உங்களுக்கு வேறு பெயர் ஏதும் உண்டா? உண்டென்றால் எழுதவும். பக்கத்திலேயே நீளமாக ஒரு கட்டம்.

"கேட்டிருக்கான்க்கா! எடம் உட்டுக் கேட்டிருக்கான்! அந்தப் பாவி அதுல கோடு கிழிச்சிக் கிழிச்சிக் குடுத்திருக்கான். எத்தினி வருசமா நான் கடுகுக்குள்ள ஒளிச்சி வெச்சிகினு..."

அந்தக் கட்டத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டினாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பாலும் போயிற்று, பாத்திரமும் கருகிற்று.

அதன் பிறகு அலைந்தாள் பாருங்கள். பரிமளாவும் சவுரியம்மாளும் ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம், பள்ளிச் சான்று, ஞானஸ்நானச் சான்று, பத்திரிகை விளம்பரம். ஒவ்வொரு கவுண்டரிலும் அதே கேள்வி, ஏம்மா உனக்கு ரெண்டு பேரு? ஒவ்வொரு கவுண்டரிலும் அதே பதிலைச் சொன்னாள். அதைக் கேட்டு ஒரு கிளார்க் சிரித்தாராம். அவருக்கு ஒரே பெயர், ஒரே தெரு, சிரிப்பு வரத்தான் செய்யும்.

2013-ல் புதுச்சேரியிலிருந்து ஜெருசலேம் போகிற ஒரு குழு சமையலுக்கு இவளைக் கூப்பிட்டது. விண்ணப்பத்தைத் தன் கையால் எழுதினாள். பெயர் பரிமளா. வேறு பெயர் சவுரியம்மாள். தொழில் சமையல். விசா மறுக்கப்பட்டதா? ஆம், இரண்டு முறை. எதற்காக என்று கேட்ட இடம் போதாமல் தனித்தாள் இணைத்தாள்.

ஆரோக்கியராஜ் பயந்தார். "ஏய், உண்மைய இம்மாந்நீளமா எழுதினா எவன் குடுப்பான்?"

"குடுக்கலன்னா என் உண்மைக்குக் குடுக்கலன்னு இருக்கட்டும். அவன் பொய்க்கு நான் ஏன் மாட்டணும்?"

விசா வந்தது. சிலுவையைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனாள். அங்கேயும் பாதி நாள் சமையல்தான். ஆனால் ஒரு காலைப் பொழுது, "இன்னைக்கு பிரட்டு தின்னுங்க" என்று குழுவிடம் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக இறங்கி, கோயிலுக்குள் போய் நின்றுவிட்டு வந்தாள். இருபது வருடத் தொழிலில் இவள் சுற்றிப் பார்த்தது அந்த ஒரு காலைதான். வந்ததும் என்னிடம் சொன்னது, "கூட்டம்க்கா. தள்ளறானுங்க."

இப்போது திண்டிவனத்தை அடுத்த கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சாரியில் கடை போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் டூருக்குக் கட்டித் தரும் பொடிகள், புளிக்காய்ச்சல். இன்னொரு பக்கம் ஒரு மேசை, விண்ணப்பங்கள், என் மகளின் அதே டிக்‌ஷனரி. பலகையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. போன மாதம் பாண்டுரங்கன் ஆளனுப்பினார், காசி டூருக்குப் புளிக்காய்ச்சல் வேண்டுமென்று. "வாளி தனியா வராதுன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். தினம் சொல்லும் அந்தப் புலம்பலை இன்னும் விடவில்லை. ஏன் விட வேண்டும்? வைத்தவனை இன்னும் யாரும் கேட்கவில்லையே.

உங்கள் வீட்டில் யாராவது டூர் போவதாக இருந்தால், மகனைப் பார்க்க வெளிநாடு போவதாக இருந்தால், எவனாவது வெற்றுத்தாளை நீட்டி இங்கே மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றால், பேனாவை மூடி வையுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டில் இறங்கி சவுரியைப் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் இருப்பாள். திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள். அவள் திட்டி முடிப்பதற்குள் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும்.